செக் அவுட்டும் கிக் அவுட்டும்

பிள்ளைகள் இருவரும் பெரிய வகுப்புகளுக்குப் போன பிறகு, என் மனைவி வெள்ளவத்தையில் கடலோரமாக உள்ள ஒரு சிறிய விருந்தினர் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களுக்கு அறையைக் காட்டுவதும், போகும்போது அறைக் கதவின் திறப்பை வாங்கிக்கொண்டு வழியனுப்புவதும் அவள் வேலை. விடுதியின் உரிமையாளர் கிருலப்பனையில் வசிக்கும் ஒரு சிங்களப் பெண்மணி. அவருக்குத் தமிழ் தெரியாது. இவளுடைய சிங்களம் கடைக்குப் போய்வரத்தான் காணும். ஆகவே இருவரும் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். அதற்காகவே இவள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் பெண்மணி நடத்தும் மாலை வகுப்புக்குப் போய்வந்தாள்.

அந்த வாரம் வகுப்பில் 'அவுட்' என்று முடியும் வினைகள் நடந்தன. செக் அவுட், த்ரோ அவுட், கிக் அவுட். தேங்காய் துருவும்போதுகூட அவற்றைச் சொல்லிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு வயதான ஜெர்மன் தம்பதி அறையைக் காலி செய்துகொண்டு புறப்பட்டார்கள். மத்தியானம் உரிமையாளர் தொலைபேசியில் அவர்களைப் பற்றி விசாரித்தார்.

"மேடம், ஐ கிக்ட் தெம் அவுட் இன் த மோர்னிங்" என்றாள் இவள்.

 ஏன் அப்படிச் செய்தாய் என்று உரிமையாளர் கேட்டார். நேரமாகிவிட்டது, அதனால்தான் என்று இவள் பணிவாகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

உரிமையாளர் ஆட்டோ பிடித்து விடுதிக்கு வந்து இறங்கினார். ஏதோ பிழைத்துவிட்டது என்று இவளுக்கு விளங்கியது. என்னவென்றுதான் விளங்கவில்லை. அவர் இவள் முன்னாலேயே அந்தத் தம்பதிக்கு அழைப்பெடுத்து மன்னிப்புக் கேட்டார். காலி நகருக்குப் போகும் ரயிலில் இருந்த அந்த மனிதருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவருடைய மனைவி தொலைபேசியை வாங்கி, மன்னிப்பு எதற்கு, அந்தப் பெண் எங்கள் பையை மாடியிலிருந்து தூக்கி வந்தாள், ரயிலில் சாப்பிட உளுந்து வடை சுற்றித் தந்தாள், வாகனம் திரும்பும்வரை கேற்றடியில் நின்றாள் என்றாராம்.

உரிமையாளர் கதிரையில் விழுந்து சிரித்தார். பிறகு செருப்புக் காலைத் தூக்கி ஒரு உதை உதைத்து, கேற்றைக் கைகாட்டினார். அப்போதுதான் இவளுக்குத் தான் சொன்னது என்னவென்று தெரிந்தது.

அன்று பின்னேரம் இதை எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"இஞ்சாருங்கோ, எங்களை எத்தினை இடத்தில இருந்து கலைச்சவங்கள். நான் ரெண்டு வயசுபோன சனத்தைக் கலைச்சுப்போட்டன் எண்டு என்ர வாயால சொல்லியிருக்கிறன்."

யுத்த காலத்தில் வன்னியில் விரட்டப்பட்டு இடம் இடமாக ஓடிய குடும்பம் அவளுடையது.  நான் எழுந்துபோய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்த வகுப்பில் நடந்ததைச் சொல்லி, வித்தியாசம் என்னவென்று ஆசிரியையிடம் கேட்டிருக்கிறாள்.

"காலால ஒதைக்கத் தேவல்ல. ஒரு எடத்துல ஈக்க விருப்பமானவங்கள அங்க ஈக்க உடாம வெளிய போட்டா, அதுதான் கிக் அவுட். அவங்களாவே போனா செக் அவுட்" என்றாராம் அவர். பழைய பேப்பரை த்ரோ அவுட் பண்ணலாம், ஆளையும் பண்ணலாம், ஆனால் பழைய பேப்பரை யாரும் கிக் அவுட் பண்ணுவதில்லை என்றும் விளங்கப்படுத்தியிருக்கிறார். அதே வகுப்புக்கு ஜிந்துப்பிட்டியிலிருந்து வரும் ஒரு நகைக்கடைக்காரர், அப்படியென்றால் அது துரத்துறதுதானே என்று கேட்டார். ஆசிரியைக்கு அது வெரட்டுறது. இவள் ஊர்ப் பேச்சில் அது கலைக்கிறது. எந்தச் சொல் சரி என்று வகுப்பு முடியும்வரை வாதாடிவிட்டு வீட்டுக்கு வந்தவளின் முகம் தெளிந்திருந்தது.

ஊர் சுற்றி முடித்த ஜெர்மன் தம்பதி நாடு திரும்பும் முன் அதே அறையைக் கேட்டு வந்தார்கள். விமானம் இரவுக்குத்தான். அதுவரை இருக்கட்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். இவள் அவர்களுக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்தாள்.

அன்று வேலை முடிகிற நேரத்தில் அவளைக் கூட்டிவரப் போனேன். விறாந்தையில் அவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, தொலைபேசியில் பிள்ளைகளின் படங்களைக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆங்கிலத்தில் வினைகள் சில பிழையாகத்தான் விழுந்தன. அவள் நிறுத்தவில்லை, அவர்களும் திருத்தவில்லை. என்னைக் கண்டுவிட்டு, கொஞ்சம் பொறுங்கோ என்று கையைக் காட்டினாள். நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.