நேற்று வைத்த வாழைத்தண்டு

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே சிதறுகாய்க்குத் தேங்காய் விற்கிறார். பக்கத்துக் கடையில் நாள் முழுக்க உளுந்துவடை வேகும். இதைச் சொன்னாலே என் சந்தேகம் என்னவென்று புரிந்திருக்கும்.

போன வருஷம் மனுஷனுக்கு நாலு வாய்க்கு மேல் சோறு இறங்காமல் போனது. வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளுவார். சர்க்கரைக்கு நல்லதென்று வாழைத்தண்டும் கீரையும் இடுப்பொடிய நான் ஆக்கிவைக்க, துரை வடையைத் தின்றுவிட்டு வந்து ஏப்பம் விடுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊசி போட்டுச் சாப்பிட்ட பிறகும் சில நாள் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வியர்த்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். வடைதான், வேறென்ன? பிள்ளையார்மேல் சத்தியம் செய்தார். அந்தப் பிள்ளையாரும் உங்களுக்குக் கூட்டுதானே என்றேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவர் வாய் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று அழுகையாக வந்தது. ஆளோ இளைத்துக்கொண்டே போனார். வடை தின்கிறவர் இளைப்பாரா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வாந்தியும் தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். மறுநாள் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், வெறும் வயிறாக வர வேண்டும் என்றார்கள். அன்று ராத்திரி கஞ்சித்தண்ணியோடு சரி. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன்.

குழாய் விட்ட டாக்டரம்மா வெளியே வந்து மலையாளத்தில் என்னைக் கடிந்துகொண்டார். ஒன்றும் கொடுக்கக் கூடாதென்று சொல்லியும் வயிறு நிறையச் சாப்பாடு இருக்கிறதாம். குழாயில் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னேன். வெள்ளையாக நூல்நூலாகக் கிடந்தது. என் கை பட்டது எனக்குத் தெரியாதா? தெரிந்த மலையாளத்தைக் கலந்து சொன்னேன்:

"டாக்டரே, அது எண்டெ வாழைத்தண்டாக்கும். நேத்து மத்தியானம் வெச்சது."

டாக்டரம்மா கோபத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வருஷக்கணக்காகச் சர்க்கரை இருந்தால் வயிற்றை வேலைவாங்கும் நரம்பு கெட்டுப்போகுமாம். தின்றது கீழே இறங்காமல் அப்படியே கிடக்குமாம். ஊசி முந்திக்கொள்ளும், சாப்பாடு பிந்திப் போய்ச் சேரும்; அதனால்தான் முதலில் நடுக்கமும் அப்புறம் ஏற்றமுமாம். இந்த வயிற்றுக்கு நார் ஆகவே ஆகாது, குழைய வேகவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள் என்றார். இவ்வளவு காலம் நார் நல்லது என்று சொன்னதும் நீங்கள்தானே என்று நான் சண்டைக்குப் போகவில்லை. படத்தில் வடைத்துணுக்கு ஏதாவது தெரிகிறதா என்று இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை.

ஆட்டோவில் வரும்போது, குழாய் விட்டதில் கம்மிப்போன குரலில் அவர் சொன்னார்: "ஏட்டி, நீ ஆக்கிப் போட்டத விட மனசில்லாமத்தான் வயிறு பிடிச்சு வச்சிருந்திருக்கு. நீ என்னடான்னா வடைங்கற."

பேசாமல் வாங்க என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகப் பழவங்காடியில் இறங்கும்போது வடைக்கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும். நான் கையை விடவில்லை.