தேர்வுக்கூட வாசலில் கழலாத மூக்குத்தி

என் மகள் வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பியவள். அப்படிப் படித்தவர்கள் இந்நாட்டில் மருத்துவம் பார்க்க வேண்டுமானால், தனியே ஒரு தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். இருமுறை அவள் தேறவில்லை. மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் எவருக்கும் இது தெரியாது, தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். மூன்றாம் முறை கிளம்பிய காலையிலும், செம்பூரில் உறவினர் வீட்டு விசேஷம் என்றே எதிர்வீட்டாரிடம் சொல்லியிருந்தேன்.

தேர்வு மையம் மான்குர்த் பக்கம். வாசலில் சோதனையிட்ட பெண் காவலர், மகளின் முகத்தைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“நத்னி நிகாலோ.”

மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமாம். முந்தைய இருமுறையும் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி உள்ளே விட்டிருந்தார்கள். அதே நம்பிக்கையில் வந்துவிட்டோம். பள்ளி நாட்களில் திருகியது, பிறகு கழற்றியதே இல்லை. நான் ஆங்கிலத்தில் வாதிட்டேன். ஓய்வுபெற்ற அதிகாரி என்பதையும் தெரிவித்தேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார்.

“அங்கிள், கேட் பந்த் ஹோகா.” கதவை மூடிவிடுவார்களாம்.

மகள் ஓரமாக நின்று திருகிப் பார்த்தாள். வியர்வையில் விரல் வழுக்கியது.

“வரமாட்டேங்கறதுப்பா. உள்ளே திருகாணியை நீங்க பிடிச்சுக்கோங்கோ. நான் வெளியே திருகறேன்.”

வளர்ந்த மகளின் முகத்தைத் தொட்டுப் பழக்கமில்லாதவன் நான். பலர் பார்க்கச் சாலையோரத்தில் அவள் நாசிக்குள் விரல் நுழைத்து நின்றேன். பின்னால் ஒருவர், தாராவியிலிருந்து மகனைக் கூட்டி வந்தவர், குரல் கொடுத்தார்.

“ஐயா, பரீட்சை ஒங்களுக்கா, பிள்ளைக்கா? ரோட்டுலயே ஆப்பரேசன தொடங்கிட்டியளே!”

சிலர் சிரித்தார்கள். வேறு நாளாயிருந்தால் தக்க பதில் சொல்லியிருப்பேன். அன்று இரும்புக் கதவை இழுக்கும் ஓசை மட்டுமே காதில் விழுந்தது. “அழுத்திப் பிடிங்கோ,” என்றாள் மகள். பிடித்தேன். திருகாணி கழன்றது, கூடவே இரத்தமும் வழிந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடினாள். காவலர் அதை வாங்கி வெளியே எறிந்தார், கைக்குட்டைக்கும் அனுமதியில்லை. புறங்கையால் மூக்கைப் பொத்தியபடி அவள் உள்ளே மறைந்தாள். கதவு அடைபட்டது.

அதன் பிறகுதான் அச்சம் முழுமையாக என்னைப் பற்றியது. இரத்தம் நிற்காவிட்டால்? வெளியே அனுப்பிவிட்டால்? தாராவிக்காரர் அருகில் வந்து, “உக்காருங்கய்யா,” என்றார். அமரவில்லை. அந்தக் கதவு திறந்துவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திறந்தது. வந்தவர் அந்தக் காவலர்தான். தேநீர் குடிக்கப் புறப்பட்டிருந்தார். என்னைக் கண்டதும் தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

“கூன் ருக் கயா, அங்கிள். லிக் ரஹி ஹை.”

இரத்தம் நின்றுவிட்டது, எழுதிக்கொண்டிருக்கிறாள். நன்றி சொன்னேன். தாராவிக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.