சித்தி ஊகித்து எழுதவில்லை

என் சித்தி விஸ்கி ஆலையில் வேலை பார்க்கிறாள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் ஒரு பாட்டில் கிடைக்குமா என்பார்கள். சித்தி குடிப்பதில்லை. பதினோரு வருஷமாக பாட்டிலுக்கு மூடி முறுக்கும் மெஷின் முன்னால் நிற்கிறாள். மூடி சரியாகப் பிடிக்காத பாட்டிலைக் கண்ணால் பார்ப்பதற்குள் மூக்கு அவளுக்குச் சொல்லிவிடும். அதனால் ஆலையில் அவளுக்கு 'மூக்கு' என்றே பெயர்.

அங்கே தயாராவது ரை விஸ்கி. ரை என்பது கோதுமைக்குச் சொந்தக்காரத் தானியம். கொஞ்சம் காரமான சொந்தக்காரன். விலை குறைவு என்பதால் கடையில் அந்த விஸ்கி கீழ்த்தட்டில்தான் இருக்கும், குனிந்து எடுக்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு டேங்கையும் ருசிக் குழுவின் ஐந்து பேர் சரி என்று சொன்ன பிறகுதான் பாட்டிலில் அடைப்பார்கள். அந்த ஐவரில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். பரீட்சை வைத்து ஆள் எடுப்போம், ஆலையில் யாரும் எழுதலாம், தோற்றால் மறுபடி எழுத மூன்று வருஷம் ஆகும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். சித்தி அன்றைக்கே பெயர் கொடுத்தாள்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றாள் அம்மா.

"பதினோரு வருஷமா மூடி போடறேன்க்கா. உள்ள இருக்கறது நல்லா இருக்கான்னு ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. எனக்கு அந்த நாற்காலி வேணும்."

மூன்று வாரம் வீட்டில் ஒரே கெடுபிடி. வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது, காலையில் பச்சை வெங்காயம் கூடாது. சித்தப்பா பஸ் டிரைவர். தலையில் மணக்க மணக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் வண்டி எடுப்பார். அவரை வராந்தாவில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாள்.

"குடிக்கிறவனைத்தான் வெளிய உட்கார வைப்பாங்க. இங்க குடிக்காதவன் வெளிய உட்கார்ந்திருக்கேன்," என்று தெருவுக்கே கேட்கும்படி புலம்பினார்.

பரீட்சை அறையில் சிவப்பு விளக்கு. நிறத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. பன்னிரண்டு தட்டு வரும். ஒவ்வொன்றிலும் மூடி போட்ட மூன்று சின்ன கிளாஸ். இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. எது வேறு என்று தாளில் அதன் எண்ணைக் குறிக்க வேண்டும். ஒன்பது சரியானால் நாற்காலி.

சித்தி மூடியைத் திறந்து முதலில் முகர்ந்தாள். காய்ந்த ரொட்டியின் ஓரம், மிளகு, அப்போதுதான் சீவிய மரம். பிறகு ஒரு வாய், நாக்கில் உருட்டி, தகரக் குவளையில் துப்பினாள். ஒரு தட்டில் வேறாக இருந்தது ஈர அட்டைப்பெட்டி போல நாறியது. இன்னொன்றில் தேன் போல ஒரு இழை மட்டும் கூடுதல். எட்டு தட்டு முடிந்தது. ஒன்பதாவது வந்தபோது நின்றுவிட்டாள். தண்ணீரால் வாய் கொப்பளித்தாள், வெறும் பிஸ்கட்டைக் கடித்தாள், மறுபடி முகர்ந்தாள். மூன்றும் ஒன்று. பத்தாவதும் அப்படியே.

குழுத் தலைவர் இருபது வருஷம் அந்த மேஜையில் இருப்பவர். கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, எண் போடலையா?"

"மூணும் ஒண்ணுதான் சார்."

"அப்படி எழுத தாள்ல இடம் இல்ல. தெரியலைன்னா ஊகிச்சு ஒண்ணைப் போடு. வெறுமனே விட்டா தப்புன்னு கணக்கு."

"தெரியாம இருந்தா ஊகிக்கலாம். எனக்குத் தெரியுதே சார்."

இரண்டையும் வெறுமனே விட்டுவிட்டு மற்ற இரண்டு தட்டையும் முடித்துக் கொடுத்தாள். பன்னிரண்டுக்கு எட்டு. ஒன்று குறைவு.

வெறுமனே விட்ட அந்த இரண்டு தட்டிலும் இருந்தது என்ன என்று கேட்டாள். பதினாலாம் டேங்கும் பதினேழாம் டேங்கும் என்றார் தலைவர். "ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கும்மா. போன வாரம் குழுவுல எல்லாருமே சொன்னோம். பதினேழுல மிளகு தூக்கல்னு நானே எழுதியிருக்கேன்."

வீட்டுக்கு வந்தவளிடம் சித்தப்பா, "கண்ணை மூடிட்டு ஏதாவது ஒண்ணைக் குறிச்சிருந்தா நாற்காலி கிடைச்சிருக்குமே!" என்றார்.

"அப்படி வாங்கினா, உட்கார்ந்திருக்கிற வரைக்கும் கண்ணை மூடிட்டேதான் இருக்கணும்," என்றாள் சித்தி. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன்பே டேங்குகள் நிற்கும் முற்றத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பில் இருப்பவர் எங்கள் மாடியில் குடியிருப்பவர். குழாய் மாமா என்போம். பதினாலும் பதினேழும் எதிலிருந்து நிரப்பியது என்று கேட்டாள். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"ரெண்டும் ஆறாம் கலவைத் தொட்டிதாம்மா. தொட்டியில பாதி இறங்கறதுக்குள்ள பதினாலு நிரம்பி வழியற மாதிரி வந்துச்சு. குழாயைத் தூக்கிப் பதினேழுல போட்டேன். ஒரே தொட்டி, ஒரே காலை."

"அப்போ ரெண்டு எண், ரெண்டு சீட்டு எப்படி?"

"டேங்க் ரெண்டாச்சே. ஆபீஸ்ல சீட்டு டேங்குக்குத்தான் போடுவாங்க, சரக்குக்கா போடுவாங்க?"

சித்தி பதிவேட்டை ஒரு கையிலும் குழாய் மாமாவை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ருசி அறைக்குப் போனாள். தலைவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"அப்போ அந்த மிளகு?" என்று குழுவில் ஒருவர் மெல்லக் கேட்டார்.

"நீங்க காலையில சாப்பிட்டதா இருக்கும்," என்றார் குழாய் மாமா.

தலைவருக்கு முகம் சிறுத்துவிட்டது. ஆனால் நேர்மையான மனிதர். "அந்த ரெண்டு தட்டும் செல்லாது. பத்துக்கு எட்டுன்னு உன்னைத் தேறினதா போட்டுடறேன்," என்றார்.

சித்தி சரி என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"பன்னெண்டுன்னுதானே சார் விதி. வேற ரெண்டு தட்டு வைங்க. பதிவேட்டைக் காட்டி உட்கார்ந்தாள்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

வைத்தார்கள். குழு முழுவதும் சுற்றி நின்றது. முதல் தட்டில் நம்பிக்கையோடு நடு கிளாஸைக் காட்டினாள். தப்பு. குழாய் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். இனி இருப்பது ஒன்று.

அடுத்த தட்டில் மூன்றிலும் அதே ரொட்டி, அதே மிளகு. நாக்கில் வித்தியாசமே இல்லை. சித்தி துப்பிவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மனதுக்குள் இருபது வரை எண்ணினாள். இரண்டில் காரம் தொண்டையில் நின்றது. ஒன்றில் பத்து எண்ணுவதற்குள் போய்விட்டது. அதன் எண்ணைத் தாளில் அழுத்தி எழுதினாள். தலைவர் தன் சீட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"ஒன்பது," என்றார். காலியான நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

உடனே வேலையும் கொடுத்தார். "பதினாலாம் டேங்க். இப்ப ஊகமும் இல்ல, தேர்வும் இல்ல. நல்லா இருக்கா, சொல்லு."

சித்தி அவசரப்படாமல் முகர்ந்து, ருசித்து, துப்பினாள். "ரொட்டி வாசனை நல்லா இருக்கு. மிளகு முன்னாடியே வந்து நிக்குது, ரைக்கு அதுதான் அழகு. நடுவுல கொஞ்சம் நீர்த்துப் போகுது. கடைசியில பச்சையா எரியுது, பீப்பாயில இன்னும் ஆறு மாசம் கிடந்திருக்கணும். ஆனா வாங்கறவனை ஏமாத்தல, இந்த விலைக்கு நியாயமான சரக்கு. பத்துக்கு ஆறு."

"ஆறுதானா? நான் எட்டு போட்டிருந்தேனே!"

"பதினாலுக்கா சார், பதினேழுக்கா?" என்று கேட்டாள் சித்தி.