எடுக்கிற நேரம்

சிங்கப்பூரில் நான் லாரி டிரைவர். நாள் முழுக்க லாரியை ஒரே இடத்தில் நிறுத்தி, அணைக்காமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இது பேட்டரி லாரி. டீசல் கிடையாது, சத்தம் கிடையாது. உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதே டேஷ்போர்டைப் பார்த்தால்தான் தெரியும். ஜூரோங்கில் சார்ஜ் ஏற்றி, காலையில் தட்டைப் படகில் கடலைக் கடந்து, மண் கொட்டிப் பெரிதாக்கிக்கொண்டிருக்கும் ஒரு தீவில் கொண்டுபோய் நிறுத்துவேன். லாரியின் பின்பக்கம் பிளக் பாயிண்ட் இருக்கிறது. அதில் ஒரு டிஷ்ஷைச் சொருகுவோம். டிஷ் என்றதும் ஊரில் மாடிக்கு மாடி இருக்கும் டிவிக் குடையை நினைக்காதீர்கள். டீ கொண்டுவரும் டிரே மாதிரி ஒரு வெள்ளைப் பலகை. வானத்தைப் பார்த்து வைத்தால் செயற்கைக்கோளிலிருந்து இன்டர்நெட் வரும். அந்தத் தீவுக்கு இன்னும் கேபிளும் போகவில்லை, மின்சாரமும் போகவில்லை. போனில் ஒரு கோடு வரும், போகும். சில நேரம் இந்தோனேசியாவுக்கு நல்வரவு என்று மெசேஜ் வரும். உட்கார்ந்த இடத்திலேயே நாடு மாறிவிடும்.

இதையெல்லாம் வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். "உங்களுக்கென்னப்பா, வானத்துலேர்ந்தே லைன் வருது" என்றார்கள். ஆமாம், வருகிறது. எப்போது வருகிறது, யார் சொன்னால் வருகிறது என்பதை யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. லாரியை நிறுத்தி டிஷ்ஷைச் சொருகினேன். அது வானத்தைத் தேடிப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். பிடித்ததும் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தும். அன்று என் போன் நிற்காமல் கத்தியது. என் சித்தப்பா மகன் செல்வம் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணே, விஜயாக்கா விடியக்காலைல போயிருச்சுண்ணே. நாளைக்குச் சனிக்கிழமை, வைக்க முடியாதுன்னு அத்தான் வீட்ல சொல்லிட்டாங்க. இன்னிக்கே ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க. கோடி நான் வாங்கி வச்சுட்டேன். நீங்க லைன்ல வாங்க. உங்க கண்ணுல காட்டி, நீங்க சொன்னப்புறம்தான் போடுவேன்."

என் அக்கா ஒரு வருடமாக டயாலிசிஸில் இருந்தாள். வரும் என்று தெரியும். தெரிந்து என்ன? கல்யாணம் ஆன பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப்புடவை போகவேண்டும். கூடப்பிறந்தவன் கையால் போடவேண்டும். அக்காவுக்கு நான் ஒருவன்தான். முன்பு எங்கள் அத்தை ஒருத்தி செத்தபோது அவளுடைய அண்ணன் வலைத்துணி மாதிரி ஒரு புடவையோடு வந்தார். அக்கா அத்தனை கூட்டத்தில் என் காதைப் பிடித்து, "டேய், எனக்கு இப்படி ஒண்ணைக் கொண்டாந்தேன்னு வையி, எழுந்து உக்காந்து கேப்பேன்" என்றாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அவள் வாய் அப்படி.

மேனேஜர் மிஸ்டர் லிம்மிடம் ஓடினேன். "பாஸ், மை சிஸ்டர் எக்ஸ்பயர்" என்றேன். நம் ஊரில் படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கினார். "வாட் எக்ஸ்பயர்? யுவர் பர்மிட் ஆ?" என்றார். பக்கத்தில் இருந்த தினேஷ்தான் எடுத்துச் சொன்னான். அவன் எங்கள் சைட் சூப்பர்வைசர். தோ பாயோவில் பிறந்து வளர்ந்த தமிழன், நாலு தலைமுறையாக இங்கே. லிம் எழுந்து நின்று, "ஐயோ, சாரி ஆ" என்றார். இந்த ஊரில் சீனரும் ஐயோ என்றுதான் சொல்கிறார்கள். படகு கிடைக்குமா என்று கேட்டேன். சாயங்காலம்தான், நடுவில் படகு இல்லை என்றார். கிடைத்திருந்தால் மட்டும் என்ன, ரெண்டு மணிக்குள் திருச்சி போய் இறங்கிவிடுவேனா? சும்மா கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

தினேஷ் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, வீடியோ கால் போடலாம்லா. டிஷ் இருக்கு, லாரி இருக்கு. எத்தனை மணிக்கு?"

"ஊர்ல ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க. நமக்கு நாலரை."

"ஓகே, நாலரை. பாஸ்கிட்ட நான் பேசுறேன். நீங்க கவலைப்படாதீங்க."

எனக்கு அது போதும் என்று இருந்தது. மத்தியானம் படகுத்துறையில் இரும்பு வந்து இறங்கியது. கணக்குப் பார்த்து இறக்க ஆள் இல்லை, நீ போ என்றார்கள். போனேன். மூன்றரைக்குள் திரும்பிவிட்டால் போதும், குளிப்பாட்டிக் கோடி போடுவதைப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். கிரேன் மெதுவாக இறக்கியது. நான் அவசரப்பட்டால் இரும்பு அவசரப்படுமா?

திரும்பி ஓடிவந்தபோது மூன்றரை தாண்டியிருந்தது. லாரி செத்துக் கிடந்தது. டேஷ்போர்டு இருட்டு. டிஷ்ஷைக் கழற்றித் துண்டில் சுற்றி சீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள். தினேஷ் நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"யாருடா ஆஃப் பண்ணினது?"

"நான்தாண்ணே. பேட்டரி ரொம்ப இறங்கிருச்சு. லாரி திரும்பிப் போகணும், எல்லாத்தையும் ஆஃப் பண்ணுன்னு பாஸ் சொல்லிட்டாரு. நான்தான் ஃபைட் பண்ணி, நாலரைக்கு மட்டும் பத்து நிமிஷம் ஆன் பண்ணலாம்னு வாங்கி வச்சிருக்கேன்."

"நாலரைக்கு ஆன் பண்ணி எதைடா பாக்கறது? நாலரைக்கு எடுக்கறாங்கன்னு சொன்னேன்ல?"

"அதாண்ணே சொல்றேன். நாலரைக்குத்தானே எடுப்பாங்க? அதுக்கு முன்னாடி கூப்பிட்டா எடுக்க மாட்டாங்கல்ல?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. எடுக்கிறார்கள் என்றால் அவனுக்குப் போன் எடுப்பது. அவனுக்குத் தெரிந்த தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இல்லை. அவன் பெரியம்மா செத்தபோது அடுக்குமாடிக்குக் கீழே இரண்டு நாள் வைத்திருந்தார்களாம். செத்த அன்றே தூக்குவார்கள் என்று அவனுக்கு யார் சொன்னது? "ஃபியூனரல் நாளைக்கு இல்லையாண்ணே?" என்று கேட்டான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அடித்து என்ன ஆகப்போகிறது? எனக்காகச் சண்டை போட்டுப் பத்து நிமிடக் கரண்ட்டைக் காப்பாற்றி வைத்திருப்பவனை எப்படி அடிப்பது? இதில் பெரிய கொடுமை, அந்த டிஷ் குடிக்கும் கரண்ட் ஒரு பல்பு அளவுக்கு இருந்தால் அதிகம். பேட்டரியைக் குடித்தது, அதே லாரியிலிருந்து ஆபீஸ் கண்டெய்னருக்கு இழுத்திருந்த ஒயர். மின்விசிறி, பிரிண்டர், நாள் முழுக்கக் கொதிக்கும் கெட்டில். என் அக்காவின் முகத்தை அணைத்துவிட்டுத் தேநீர் குடித்திருக்கிறார்கள். தெரியாமல்தான் குடித்தார்கள். தெரியாமல் செய்தவனிடம் எங்கே போய்ச் சண்டை பிடிப்பது?

லாரியை உயிர்ப்பித்தேன். லாரியின் பின்பக்கம் ஏறி டிஷ்ஷை வைத்தேன். அது தேடியது. ஒரு மேகம் இல்லை, ஒரு மரம் இல்லை, திறந்து கிடக்கும் கடல் வானம். அப்படியும் தேடிக்கொண்டே இருந்தது. நான் பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய? தினேஷ் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். லிம் வந்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், போய்க் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கினார்.

லைன் வந்தது. போன் கத்தியது. செல்வம் கூப்பிட்டு நான் எடுக்காத அழைப்புகள் வரிசையாக. பிறகு அவன் எழுதியவை. எங்கண்ணே இருக்கீங்க. குளிப்பாட்டியாச்சுண்ணே. அத்தான் ஆளுங்க சத்தம் போடறாங்க. இதுக்கு மேல நிறுத்த முடியலண்ணே. நானே போட்டுட்டேண்ணே, மன்னிச்சிருங்க. கோடி போட்டபிறகு யாருக்காகக் காத்திருப்பார்கள்? சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கிளப்பிவிட்டார்கள்.

நான் செல்வத்தைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுத்தான். நடந்துகொண்டே எடுத்தான். திரையில் அவன் தாடையும், மேலே வெயிலும், யாருடைய முதுகோ தெரிந்தது. பறைச் சத்தத்தில் அவன் பேசுவது கேட்கவில்லை. போனை உயர்த்திப் பிடித்தான். தூரத்தில் பூவும் தலைகளும் ஆடி ஆடிப் போயின. முகம் தெரியவில்லை.

கீழே தரையில் நின்று தினேஷ் கேட்டான். "எடுத்துட்டாங்களாண்ணே?"

"எடுத்துட்டாங்க" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு லிம்மிடம் சொல்ல ஓடினான். நான் திருத்தவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. தான் எனக்கு ஒரு நல்லது செய்தோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். வழக்கம்போல நம் ஆட்கள் கூட்டம், காய்கறிக் கூடைகள், ரோட்டோரம் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுகிறவர்கள். எல்லார் போனையும் எல்லாரும் எடுத்தார்கள். நான் ஒரு புடவைக் கடைக்குள் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். கெட்டி ஜரிகை, அரக்குச் சிவப்பு, கனமான புடவை ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். கடைக்கார அம்மா சிரித்த முகம். "வைஃபுக்கா தம்பி?" என்றார். "அக்காவுக்கு" என்றேன். "குடுத்து வச்சவங்க. கிஃப்ட் ராப் பண்ணிடவா?" என்றார். தலையாட்டிவிட்டேன். மினுமினுக்கும் தாளில் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுத்தார்.

எங்கள் அறையில் இருக்கும் கும்பகோணத்துக்காரர் அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார். கொடுத்து அனுப்பலாம், காரியத்தன்று படத்துக்காவது சாத்தட்டும் என்று கேட்டேன். ரிப்பனைப் பார்த்து முதலில் கை நீட்டினார். கோடி என்றதும் கையை இழுத்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க தம்பி, நான் தங்கச்சி கல்யாணத்துக்குப் போறேன்" என்றார். தப்பாக நினைக்கவில்லை. நானாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். அறையில் வைக்கவும் மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. அதனால் லாரியில் சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். காலையில் படகு ஏறுகிறது, கொஞ்சத் தூரம் கடலைத் தாண்டுகிறது, சாயங்காலம் என்னோடு திரும்பிவிடுகிறது.