லிஃப்டுக்காகக் கதவு தட்டியவர்

நைரோபியில், எம்பகாசிப் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்குமாடியில் முலாண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தும் கதவைத் திறக்காதவர்கள்தான் அதிகம். ஆறாம் மாடியிலிருந்து இறங்கி வீடு வீடாகத் தட்டுவார். "சனிக்கிழமை மீட்டிங். மறக்காம வந்துடுங்க." உள்ளே டிவி ஓடும், பதில் வராது. அடுத்த கதவுக்குப் போவார்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மச்சாகோஸ்காரர். அவர் மனைவி கலோண்டு, பள்ளிக்கூட டீச்சர். குடிவந்த மறுவருஷம் டீச்சருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதே மழைக்காலத்தில் லிஃப்டும் நின்றது. அது இறங்கி நிற்கும் குழிக்குத் தண்ணீர் கசியாதபடி பூசவேண்டும் அல்லவா? கட்டிய மகராசன் பூசவே இல்லை. மழையில் குழி நிரம்பி நின்ற லிஃப்ட் அப்புறம் ஓடவே இல்லை.

முதல் தடவை வாட்ச்மேனும் இன்னும் இரண்டு பேருமாக டீச்சரை நாற்காலியோடு தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் மாடித் திருப்பத்தில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. டீச்சரின் தோள் சுவரில் இடித்தது, செருப்பு உருண்டு கீழே போனது. வேடிக்கை பார்த்தவர்களில் அவரிடம் படித்த பிள்ளைகளின் அப்பாக்களும் இருந்தார்கள்.

"இனிமே என்னைக் கரிமூட்டை மாதிரி தூக்க வேண்டாம். லிஃப்ட் ஓடட்டும், வரேன்" என்று சொல்லிவிட்டார் டீச்சர். முலாண்டி கெஞ்சிப் பார்த்தார், மன்றாடிப் பார்த்தார். அந்த அம்மா மசியவில்லை. அப்புறம் மாத்திரை மட்டும்தான் மாடி ஏறியது.

வக்கீலைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உரிமையாளர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் வேண்டாமென்றதால் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

"வீடு அவங்கவங்களுது, பெரியவரே. ஆனா லிஃப்ட், படிக்கட்டு, மொட்டைமாடி எல்லாம் எல்லாருக்கும் பொது. பொதுவுல கோளாறுன்னா சங்கம்தான் கட்டினவர் மேல வழக்குப் போடணும். பாதிப் பேருக்கு மேல கூடி கை தூக்கட்டும், நான் ஜெயிச்சுக் காட்டறேன்" என்றார் வக்கீல்.

அன்று ஆரம்பித்தது இந்தக் கதவு தட்டல். சனிக்கிழமை மீட்டிங்குக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் நானும் முலாண்டியும். முதல் மாடி கிர்வாவை மடக்கி நானே கேட்டேன்.

"வழக்குன்னு வெளியே தெரிஞ்சா நம்ம வீட்டை எவன் வாங்குவான், அவினோ? நீ வாங்கிக்கிறியா?"

"மேல ஒரு உசுரு கிடக்குதே, கிர்வா."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. அதுக்கு நான் கோர்ட்டு வாசல்ல நிக்க முடியுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முலாண்டிதான் என் கையைப் பிடித்து, "விடும்மா, அடுத்த வாரம் வருவார்" என்றார். அந்த மனிதருக்குக் கோபமே வராதா என்று அவர் மேலும் எனக்கு ஆத்திரம்.

இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் டீச்சருக்கு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

அடக்கத்துக்கு உடலைச் சொந்த ஊரான மச்சாகோஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரைக்கும் தினம் சாயங்காலம் சாவு வீட்டில் கூடி ஏற்பாடு பேசுவது எங்கள் வழக்கம். அதற்கு மட்டும் எவரும் வராமல் இருக்கமாட்டார்கள். இன்று நீ போகாவிட்டால் நாளை உன் வீட்டுக்கு யார் வருவார்கள்? முதல் சாயங்காலமே ஆறு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். இடம் போதாமல் படிகளிலும் உட்கார்ந்தார்கள். டீச்சர் இருந்தபோது அந்த வீட்டு வாசலை மிதிக்காத கால்கள்.

பஸ், பெட்டி, சமையல் எல்லாம் பேசி முடித்ததும் கிர்வா தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் இருக்கோம். அந்த லிஃப்ட் விஷயத்தையும் இப்பவே முடிச்சுடலாமே. டீச்சருக்காகவாவது."

கைகள் மேலே எழுந்தன. முலாண்டியின் கையும். நான் எண்ண எழுந்தபோது அவர் மட்டும் கையை இறக்கினார்.

"என்னை எண்ணாதேம்மா, அவினோ."

"ஏன் பெரியவரே?"

"வீடு அவ பேர்ல இருக்கு. எனக்குப் பதிலா இவர் கை தூக்குவார்னு அவ எழுதிக் கொடுத்த கடிதாசோடதான் மீட்டிங்குக்கு வருவேன். அவ போனதோட அதுவும் செல்லாது. என்னைச் சேர்த்து எண்ணினா, கட்டினவனோட வக்கீல் அதைப் பிடிச்சுக்கிட்டு மொத்த வழக்கையும் கவுத்துடுவான்."

கிர்வா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை முட்டியது. இத்தனை பேரையும் போங்கடா என்று படியில் உருட்டிவிடலாம் போலிருந்தது.

"எண்ணும்மா" என்றார் முலாண்டி.

எண்ணினேன். அவரை விட்டுவிட்டும் தேவைக்கு மேலேயே கைகள் இருந்தன.