பொறாமையில் போன ஒரு வருடம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் தைப்பவள் ஷமீனா. காது கேளாத அவள் மகன், கருவி மாட்டி, பயிற்சிக்குப் போய், இரண்டு வயதில் "அம்மீ" என்றான். அதே வயதுள்ள என் மகள் பேசவேயில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"உன் பொண்ணுக்கும் காது டெஸ்ட் பண்ணுக்கா. கம்பெனி இன்சூரன்ஸ்லயே பாக்கறாங்க" என்றாள் ஷமீனா.

"என் பொண்ணுக்கு இன்னா குறைச்சல்? உன் வேலையப் பாரு!" என்றேன். ஒரு வருடம் அவளோடு பேசவில்லை.

ஒருநாள் எங்கள் ஊர் மாதனூரில், ரோட்டில் நடந்த மகளுக்குப் பின்னால் வந்த கம்பெனி பஸ் ஹாரன் அடித்தும் அவள் திரும்பவில்லை. டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கருவியோடு இப்போது பேசுகிறாள், ஷமீனா மகனைவிடக் கம்மியாகத்தான். அவன் பேச்சைக் கேட்டால் இன்னும் எரிகிறது.

கம்பெனியில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் காது டெஸ்ட் எடுக்கச் சொல்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். அடுத்த வாரம் திரும்பவும் போய்ச் சொல்கிறேன்.