பகல்ல தெரியாத புரொஜெக்டர்

இன்னைக்கு அம்மாவோட பதினாறாம் நாள் காரியம். கிள்ளான்ல எங்க வீட்டு வாசல்ல கெமா, அதான் பந்தல், போட்டு, வெள்ளைத் துணி கட்டி, அம்மா படங்களைக் காட்டப் புது புரொஜெக்டர் வச்சேன். பெட்டியில வெளிச்ச அளவு, லூமன்ஸ், பெரிய நம்பரா போட்டிருந்துச்சு. அதை நம்பித்தான் வாங்கினேன்.

உச்சி வெயில். துணி வெறும் துணியாவே இருந்துச்சு.

கடைக்காரருக்குப் போன் அடிச்சேன்.

"பகல்லயா பாஸ்? அந்த நம்பர் உள்ளே இருக்கற லைட்டுக்கு லா. துணியில விழுற வெளிச்சத்துக்கு ஆன்சி லூமன்ஸ் பார்க்கணும். இதுல அது கம்மி. இருட்டுல போடுங்க, அழகா தெரியும்."

ஆஃப் பண்ணப் போனேன். முன் வரிசையில அப்பா துணியையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"இருக்கட்டும்பா. எனக்குத் தெரியுது."

பகல்ல மத்தவங்களுக்கும் தெரியணும்னா எத்தனை ஆன்சி வேணும்? வாங்கினவங்க சொல்லுங்க.